கொப்பரையைத் தூக்கிய கயிறு

கமாண்டோ பிரிவின் கருவிக் கிடங்குக்குப் புதிதாக வருகிற யாரும் முதலில் கயிற்றைப் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. கதவைத் திறந்ததும் கண் போவது சுவரோரம் வரிசையாக நிற்கிற சப்-மெஷின் கன் மீதுதான். அப்புறம் இருட்டில் பார்க்கிற கண்ணாடி. அப்புறம் கதவை உடைக்கிற இரும்பு. ஊருக்குப் போனால் சொந்தக்காரர்கள் கேட்பதும் அதைத்தான். "இன்னா துப்பாக்கிடா குடுத்திருக்காங்க? ஒரு நிமிஷத்துல எத்தினி குண்டு போவும்?" கயிறு என்ன தாங்கும் என்று இன்றுவரை ஒருவரும் என்னைக் கேட்டதில்லை.

தம்பிகளே, நீங்களும் கேட்கவில்லை. போன மாதம் உங்களுக்குக் கிடங்கைச் சுற்றிக் காட்டச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். துப்பாக்கி அலமாரி முன்னால் அத்தனை பேரும் நின்றுவிட்டீர்கள். கயிறு தொங்குகிற அறைக்கு வந்தபோது ஒருவர் கொட்டாவி விட்டார், இன்னொருவர் போனை எடுத்தார். கோபத்தில் சொல்லவில்லை, அந்த வயதில் நானும் அப்படித்தான். ஆனால் வேங்கிக்காலில் இருக்கிற என் வீட்டுக்குத் திரும்பி வருகிற பஸ்ஸில், இதை எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் வேர்க்கடலை போடுகிற குடும்பம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். போலீசில் சேர்ந்து, கமாண்டோ பிரிவுக்குப் போய், அங்கே கருவிகளுக்குப் பொறுப்பாளனாக இருந்தேன். அந்தப் பிரிவில் வயது வரம்பு உண்டு. வயது தாண்டியதும் சாதாரண வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். "கமாண்டோவுல இருந்து ரிட்டயர்டு ஆயிட்டேம்மா" என்று நான் வீட்டில் சொன்னபோது, ரிட்டயர்டு என்ற சொல்லைக் கேட்டு அம்மா அழுதுவிட்டார். "இன்னும் நரைக்கவே இல்லையேடா, அதுக்குள்ள பென்ஷனா?" என்றார். இப்போது அலுவலகத்தில் நாற்காலி வேலை. நிம்மதியான வேலைதான்.

படித்த முதல் ஆள் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அச்சில் இருக்கிற எதையும் நான் பயபக்தியோடு படிப்பவன். கயிறு வந்த பெட்டியில் ஆங்கிலத்தில் ஒரு விளக்கப் புத்தகம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை முழுக்கப் படித்தவன் எங்கள் பிரிவில் நான் மட்டும்தான். ஆளைத் தாங்குகிற கயிற்றில் பொருளைக் கட்டாதே, பொருளைக் கட்டிய கயிற்றில் ஆளைத் தொங்கவிடாதே என்று அதில் ஒரு விதி உண்டு. ஆள் கயிற்றில் பொருள் ஏற்றியது தெரிந்தால் அதை வெட்டிப் போட்டுவிடுவேன். அதனால் எனக்குப் பிரிவில் "கத்திரிக்கோல்" என்று பட்டப்பெயர்.

துப்பாக்கி கெட்டுப்போனால் சொல்லிவிடும். சிக்கும், சத்தம் மாறும், குண்டு வெளியே வராது. கயிறு சொல்லாது. மேலே பளபளவென்று இருக்கும், உள்ளே நூல் அறுந்திருக்கும். அது கெட்டுப்போனது தெரிவது ஒரே ஒரு தடவைதான். அந்தத் தடவை அதில் யாரோ தொங்கிக்கொண்டிருப்பார்கள்.

அன்றைக்கு நடந்ததற்கு வருகிறேன்.

மலை உச்சியில் கார்த்திகை தீபம் ஏற்றுவதற்கு முந்தின நாள். பந்தோபஸ்துக்காக எங்கள் பிரிவு ஊருக்கு வந்து, செங்கம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கியிருந்தது. காலையில் தகவல் வந்தது. ரமணாசிரமம் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்த வெளியூர் ஆள் ஒருவர், போகக்கூடாத வழியில் மலையேறி, சறுக்கி, ஒரு பாறைத் திட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறார். மேலேயும் ஏற முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை. நின்ற இடத்திலிருந்து கத்தியிருக்கிறார், விறகு பொறுக்கப் போன பெண்கள் கேட்டுச் சொல்லியிருக்கிறார்கள்.

இன்ஸ்பெக்டர், நான், முருகவேல், இன்னும் நான்கு பேர் கிளம்பினோம். முருகவேல் ஆரணிப் பக்கத்துப் பையன். எங்கள் பிரிவில் பாறை இறங்குவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. நெற்றியில் விபூதி இல்லாமல் அவனைப் பார்க்கவும் முடியாது. இரண்டு கயிற்றுப் பைகளை எடுத்துக்கொண்டோம். மற்றக் கயிறுகள் மண்டபத்தில் பூட்டியிருந்தன. ஒருவரை மேலிருந்து இறக்க இரண்டு கயிறு வேண்டும். ஒன்று அவர் தொங்குவதற்கு, இன்னொன்று முதல் கயிறு போனால் பிடிப்பதற்கு. அதனால் இரண்டு போதும் என்று நினைத்தோம்.

பாறை உச்சியை அடைந்து எட்டிப் பார்த்தோம். கீழே ஒரு பெஞ்சு அகலத்துத் திட்டில், கன்னத்தைப் பாறையில் ஒட்டிக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். கால் இரண்டும் தையல் மெஷின் ஊசி மாதிரி ஆடிக்கொண்டிருந்தன. அவருக்குக் கீழே நேராகப் பள்ளம்.

சத்தம் கேட்டு அவர் மேலே பார்த்தார். கறுப்புச் சட்டை, தலைக்கவசம், தோளில் தொங்குகிற துப்பாக்கிகள். பார்த்த மாத்திரத்தில் பாறையை விட்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிவிட்டார்.

"வத்து சார், வத்து! நேனு டிரைவர் சார்!"

சுட வேண்டாம், நான் டிரைவர் என்கிறார். என் உயிர் போய்த் திரும்பி வந்தது. எங்கள் பக்கம் தெலுங்கு காதில் விழாமல் யாரும் வளர முடியாது. "சேத்துலு திஞ்சண்டி! ராயி பட்டுகோண்டி!" என்று கத்தினேன். கையை இறக்கு, கல்லைப் பிடி என்று அர்த்தம். அவர் பிடித்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் திரும்பி, "யோவ், துப்பாக்கியெல்லாம் கழட்டிப் பின்னாடி வைங்கய்யா. ஆள காப்பாத்த வந்தமா, அரெஸ்ட் பண்ண வந்தமா?" என்றார். அதற்கப்புறம்தான் அந்த மனிதர் கொஞ்சம் மூச்சு விட்டார். சித்தூர்ப் பக்கம் லாரி ஓட்டுகிறவராம். துப்பாக்கியை எங்கே காட்ட வேண்டும் என்று உங்களுக்குப் பயிற்சி கொடுப்பார்கள். எங்கே மறைக்க வேண்டும் என்பதை நீங்களேதான் யோசித்துக்கொள்ள வேண்டும்.

முருகவேல் இடுப்பிலும் தொடையிலும் மாட்டுகிற ஹார்னஸ் வாரைக் கட்டிக்கொண்டிருந்தான். நான் முதல் பையைத் திறந்தேன். நல்ல கயிறு. இரண்டாவது பையின் வாயை அவிழ்த்ததும் ஒரு வாசனை.

நெய்.

கயிற்றை வெளியே எடுத்தேன். ஒழுங்காகச் சுருட்டி, துடைத்துத்தான் வைத்திருந்தது. ஆனால் விரலில் வழவழப்பு. அங்கங்கே மணல் ஒட்டியிருந்தது. ஓரிடத்தில் மேல் உறை மயிர் மயிராகப் பிரிந்திருந்தது. பையின் உள்பக்கம் விபூதிக் கோடு.

"முருகவேலு, இந்தக் கயிறு எங்க போச்சு?"

"எங்கயும் போகலண்ணா."

"பொய் சொல்லாத. நீதான் இதுல இறங்கப் போற."

அவன் கொக்கியைத் திருகிக்கொண்டே நின்றான். அப்புறம் தணிந்த குரலில் சொன்னான். "நேத்து மேல டூட்டியில இருந்தேன்ல. தீபக் கொப்பரையத் தூக்கிக்கினு வந்தாங்க. வளைவுல அவங்க வடம் பிரிஞ்சிடுச்சுண்ணா. கீழ நிக்கறவங்க மேல சாயப் போவுது, எல்லாரும் அலர்றாங்க. பையில இது இருந்துச்சு. குடுத்துட்டேன். அப்புறம் நெய் டின்னுங்களையும் இதுலயே கட்டி ஏத்துனாங்க."

"குடுத்தது சரிடா. ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா வெட்டிப் போட்டுடுவீங்க. சாமி கொப்பரையத் தாங்குன கயிறுண்ணா அது."

அவன் அப்படிச் சொன்னதும் கயிறு பிடித்திருந்த என் கை தானாகக் கண்ணுக்குப் போய் ஒற்றிக்கொண்டது. நானும் இந்த மலையைப் பார்த்துப் பல் விளக்கியவன்தான். அந்தக் கொப்பரையில் எரிகிற தீபம் தெரிந்த பிறகுதான் எங்கள் வீட்டில் விரதச் சாப்பாடு.

"இன்னாய்யா அங்க பஞ்சாயத்து?" என்று இன்ஸ்பெக்டர் வந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"கொப்பரை என்ன வெயிட்டு, இவன் என்ன வெயிட்டு? அதத் தூக்குனது இவனத் தூக்காதா?"

"அதத் தூக்குனதாலதான் சார் வேணாம்ங்கறேன்."

"புரியற மாதிரி சொல்லுய்யா."

"நேத்து இது பாறையில எவ்ளோ உரசிச்சு, எத்தினி பேர் வெடுக்குனு இழுத்தாங்க, யாருக்கும் தெரியாது சார். உள்ள இன்னா ஆச்சுனு எனக்குச் சொல்ல வராது. நெய் வேற. இறங்கறப்ப பிடிமானம் நிக்காது, வழுக்கும்."

"சரி, நல்ல கயித்துல தொங்கட்டும். இது ரெண்டாவதா இருக்கட்டும். மொதக் கயிறு போனாதானே இதுக்கு வேல?"

"மொதக் கயிறு போற நேரத்துல, சந்தேகக் கயித்துல தொங்கச் சொல்றீங்களா சார்?"

அவர் முகம் சிவந்தது. "மண்டபத்துக்குப் போய் வேற கயிறு எடுத்துனு வர எவ்ளோ நேரமாவும் தெரியுமா? அதுவரைக்கும் அந்தாளு கால் நிக்குமா? விழுந்துட்டா யாருய்யா பதில் சொல்றது, நீ சொல்வியா?"

கீழேயிருந்து அந்த டிரைவர் ஏதோ சாமி பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. குரல் முன்பைவிடத் தேய்ந்திருந்தது. முருகவேல் என்னருகில் வந்தான். "அண்ணா, நான் இறங்கறேன்ணா. அவரு பாத்துக்குவாரு" என்று மலை உச்சியைக் காட்டினான்.

தம்பிகளே, இந்த இடத்தில் நின்று யோசியுங்கள். எதிரே பக்தி, பக்கத்தில் அதிகாரி, கீழே ஒரு உயிர். மூன்றும் ஒரே பக்கம் இழுக்கின்றன. என் கையில் இருந்தது ஒரு புத்தக விதி. அந்தப் புத்தகத்தில் கொப்பரையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அது சரி. ஆனால் வேண்டாம் என்று சொல்வது பாதி வேலைதான். அதோடு நிறுத்திக்கொண்டால் என் கை சுத்தமாக இருக்கும், அந்த மனிதர் பள்ளத்தில் கிடப்பார். வேறு என்ன வேண்டும் என்று நான்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் கயிறுகளில் சரிபாதியில் ஒரு கறுப்புப் பட்டை போட்டிருக்கும். நல்ல கயிற்றைச் சுருளிலிருந்து அவிழ்க்கும்போது அந்தப் பட்டை கையில் தட்டுப்பட்டது.

"சார், ஒரே கயிறு போதும். நடுவுல மடிச்சு, பட்டை கிட்ட பாறையில கட்டிடலாம். ரெண்டு பக்கமும் ரெண்டு கயிறு மாதிரி. ஒண்ணு தொங்கறதுக்கு, ஒண்ணு காப்புக்கு."

"பாதிதானேய்யா வரும்? திட்டு வரைக்கும் எட்டுமா?"

அதுதான் எனக்கும் தெரியவில்லை. மேலிருந்து கண்ணால் ஆழத்தை அளக்க முடியாது, பயத்தில் எல்லாம் ஆழமாகத்தான் தெரியும். எட்டாமல் போனால் முருகவேல் பாதியில் கயிறு முடிந்து தொங்குவான்.

அப்போதுதான் நெய்க் கயிறு எனக்குப் பயன்பட்டது. இரண்டும் ஒரே நீளம், அதிலும் அதே பட்டை உண்டு. அதன் நுனியில் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கட்டி மெதுவாக இறக்கினேன். பொருளை இறக்க அதற்கு எந்தத் தடையும் இல்லை. ஒரே ஒரு பயம், அந்த மனிதர் அதைப் பிடித்துத் தொங்கிவிடக் கூடாது. அதனால் மேலே எங்கேயும் கட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கத்தினேன்: "நீள்ளு தாகண்டி! தாடு பட்டுகோவத்து!" தண்ணி குடி, கயிற்றைப் பிடிக்காதே.

கீழேயிருந்து அழுகையும் கோபமுமாகப் பதில் வந்தது. "முந்து பட்டுகோமன்னாரு, இப்புடு வத்தண்டுன்னாரு!" முதலில் பிடி என்றீர்கள், இப்போது பிடிக்காதே என்கிறீர்கள் என்றார். அந்த நிலைமையிலும் முருகவேலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தது நல்லது. அதுவரை அவன் என்னை முறைத்துக்கொண்டிருந்தான்.

பாட்டில் திட்டைத் தொட்டது. நான் கையைப் பார்த்தேன். கறுப்புப் பட்டை இன்னும் எனக்குப் பின்னால், பாறை மேல் கிடந்தது.

"எட்டும் சார்."

இன்ஸ்பெக்டர் பட்டையைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார். "கட்டுய்யா" என்றார்.

பெரிய பாறை ஒன்றைச் சுற்றி அகலமான நைலான் வாரைப் போட்டு, நல்ல கயிற்றின் நடுவை அதில் மாட்டினோம். முருகவேல் ஒரு பாதியில் தொங்கி இறங்கினான். மறுபாதியைக் காப்பாக நாங்கள் பிடித்துக்கொண்டு விட்டுக் கொடுத்தோம். பக்கத்தில் இன்ஸ்பெக்டர் சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டிருந்தார். கீழே குரல்கள் மட்டும் கேட்டன.

"பயப்படாதீங்க சார். கால இதுக்குள்ள விடுங்க. லாரியில சீட் பெல்ட் போடுவீங்கல்ல, அது மாதிரி."

"சீட் பெல்ட்டா? நேனு எப்புடூ பெட்டுகோலேது பாபு." ஒரு நாளும் போட்டதே இல்லையாம்.

"இன்னிக்காவது போடுங்க சார்."

அவருக்கும் ஹார்னஸ் மாட்டி, அவரையும் தன்னையும் இரண்டு பாதியிலும் சேர்த்துக் கட்டிக்கொண்டு முருகவேல் குரல் கொடுத்தான். நாங்கள் இழுத்தோம். அவன் அவருக்குக் கீழே நின்று, காலை எங்கே வைக்க வேண்டும் என்று கையால் பிடித்து வைத்துக்கொண்டே ஏறினான். முதலில் விளிம்பில் ஒரு கை தெரிந்தது, அப்புறம் வழுக்கைத் தலை. இன்ஸ்பெக்டரே குனிந்து அக்குளில் கை கொடுத்து மேலே தூக்கிப் போட்டார்.

அந்த மனிதர் புல்லில் மல்லாந்து படுத்து, வானத்தைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். ஏன் சிரிக்கிறார் என்று எங்களுக்கும் தெரியவில்லை, ஆனால் நாங்களும் சிரித்தோம். எழுந்ததும் முருகவேலின் காலில் விழப் போனார். அவன் துள்ளிப் பின்னால் போனான். "சார் சார், விளிம்புல போயா விழுவீங்க? மறுபடியும் நான் இறங்கணுமா?" என்றான். கொப்பரை மேலே போவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று அந்த டிரைவருக்கு வேண்டுதலாம். "அது நேத்தே போயிடுச்சு சார்" என்று இன்ஸ்பெக்டர் சொன்னதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து மறுபடியும் சிரிப்பு.

இத்தோடு முடித்தால் உங்களுக்கு நான் சொன்னது பாதி. மீதியையும் சொல்ல வேண்டும்.

தீபம் முடிந்து முகாமுக்குத் திரும்பியதும், பயிற்சிக் கோபுரத்தில் அந்த நெய்க் கயிற்றைக் கட்டி மணல் மூட்டைகளைத் தொங்கவிட்டோம். மூட்டை மேல் மூட்டையாக ஏற்றினோம். உயரத்திலிருந்து வெடுக்கென்று விட்டும் பார்த்தோம். அறுந்துபோகும் என்றுதான் நினைத்திருந்தேன்.

அறவில்லை. அசையக்கூட இல்லை.

முருகவேலுக்கு முகம் முழுக்கப் பெருமை. இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். "அப்ப அன்னிக்கே போட்டிருக்கலாமேய்யா?"

"இன்னிக்குத் தெரியுது சார். அன்னிக்குத் தெரியாது."

அவர் கயிற்றைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

கயிறு அறாததால் எனக்கு வெட்கமாக இருந்ததா என்று சிலர் கேட்டார்கள். உண்மையைச் சொன்னால் நிம்மதியாக இருந்தது. கொப்பரைக்குக் கீழே நின்றவர்களும் அந்தக் கயிற்றை நம்பித்தானே நின்றார்கள். அவர்களுக்கு அது நல்ல கயிறாக இருந்தது, நல்லதுதான். ஆனால் நான் எடுத்த முடிவை அந்த மூட்டைகள் சரியென்றும் சொல்லவில்லை, தப்பென்றும் சொல்லவில்லை. முடிவு எடுக்கும்போது உங்களுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, அதை வைத்துத்தான் முடிவை எடை போட வேண்டும். அப்புறம் என்ன ஆனது என்பதை வைத்து அல்ல. அதிர்ஷ்டத்தில் தப்பித்தவன் தன்னைக் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டால், அடுத்த தடவை யாரோ ஒருவன் அதற்கு விலை கொடுப்பான்.

இன்னொன்று. முருகவேல் கயிறு கொடுத்தது தப்பில்லை. அன்று கொடுக்காமல் இருந்திருந்தால்தான் தப்பு. சொல்லாமல் விட்டது ஏன் என்று யோசித்தேன். வெட்டிவிடுவேன் என்ற பயம். கருவிக்குப் பொறுப்பாக இருக்கிறவன் திட்டுகிறவனாக இருந்தால், கருவிக்கு நடந்தது அவன் காதுக்கு வராது. அதனால் அந்தக் கயிற்றை நான் வெட்டவில்லை. நடுவில் சிவப்புச் சாயம் அடித்து, சாமான் தூக்கும் கயிறுகளோடு மாட்டினேன். முருகவேல் அதைப் பார்த்துவிட்டுப் போய் எனக்கு ஒரு டீ வாங்கி வந்தான். கத்திரிக்கோல் என்ற பெயரும் மெல்ல மறைந்துவிட்டது.

அந்தப் பிரிவில் என் கடைசி நாளன்று காலைப் பயிற்சி நடந்தது. கோபுர உச்சியில் முருகவேலிடம் கயிற்றைக் கொடுத்தேன். அவன் அதைக் கையில் வாங்கி, முகர்ந்து பார்த்து, விரலால் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"இது எங்கெல்லாம் போய்ட்டு வந்துச்சுண்ணா?"

"எங்கயும் போகலடா."

அவன் கொக்கியை மாட்டினான். விளிம்புக்கு முதுகைக் காட்டி நின்று, கீழே ஒரு தடவைகூடப் பார்க்காமல், பின்னால் சாய்ந்தான்.